முதன்மை உரிமையாளர் தொடர்பில் இல்லை

அந்த மின்சாரக் கார் கம்பெனியில் 'புகார்' என்ற சொல்லுக்கே இடமில்லை. வாய்தவறி யாராவது சொல்லிவிட்டால், எதிரில் இருப்பவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "புகார் இல்ல சார், மகிழ்ச்சி வாய்ப்பு" என்று திருத்துவார். வண்டி நடுரோட்டில் நின்றுபோனால் அது ஒரு மகிழ்ச்சி வாய்ப்பு. கதவு திறக்காமல் உள்ளே மாட்டிக்கொண்டால் பெரிய மகிழ்ச்சி வாய்ப்பு. இப்படி ஊர் உலகத்தையெல்லாம் மகிழ்வித்துக்கொண்டிருந்த அந்த நிறுவனத்தின் வாசலில் நம்முடைய கண்ணாடிக்கடைக்காரர் போய் நின்றது அவருடைய போதாத காலம்.

கண்ணாடிக்கடை என்றால் மூக்குக் கண்ணாடிக் கடை. தெருமுனையில் சின்னக் கடைதான். முன்னால் கண்ணாடிச் சட்டங்கள் மாட்டிய பலகை, பின்னால் லென்ஸ் வில்லை தேய்க்கிற மிஷின், அதற்கும் பின்னால் வண்டி நிறுத்த ஒரு முற்றம். அந்த முற்றத்தில் மத்தியானத்திலிருந்தே மேற்கு வெயில் காயும். கடையடைத்துவிட்டு வந்து கார் கதவைத் திறந்தால் அடுப்பைத் திறந்ததுபோல் அனல் முகத்தில் அடிக்கும். ஸ்டியரிங்கைத் தொட முடியாது. துணியைச் சுற்றித்தான் பிடிக்கவேண்டும்.

காரை வாங்கச் சொன்னது அவர் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் படித்துப் பார்த்து, கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் செய்வாள். காரோடு பேசுகிற ஆப்பும் அவள் போனில்தான் இருந்தது. "எனக்கு ஸ்டியரிங் தெரியும், மத்ததெல்லாம் அவளுக்குத் தெரியும்" என்று அவர் பெருமையாகவே சொல்லிக்கொள்வார். போன் என்றால் அவருக்குப் பேசுவது, வைப்பது, அவ்வளவுதான்.

பிறகு டீச்சருக்கு உடம்புக்கு வந்தது. வந்த நோய் அவளைப் படுக்கையில் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்த்தது. ஒருநாள் மாலை அவர் கடையடைத்துவிட்டு வந்து கார் கதவைத் திறந்தால், உள்ளே ஜில்லென்று இருக்கிறது. பதறிப்போய் வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஏங்க, நான்தான் இங்கிருந்தே ஏசியைப் போட்டேன்" என்றாள் அவள். "எழுந்து வந்து ஒரு டம்ளர் தண்ணி குடுக்க முடியல உங்களுக்கு. இதையாவது செய்யறேனே."

அன்றிலிருந்து தினமும் அது நடந்தது. கடையடைக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் முற்றத்தில் 'உஸ்' என்று காற்று சுழலும் சத்தம் கேட்கும். பக்கத்துக் கடைச் சாவிக்காரர் எட்டிப்பார்த்து, "அண்ணே, அண்ணி கூப்பிட்டுட்டாங்க. வில்லையெல்லாம் நாளைக்குத் தேய்ச்சுக்கலாம், கிளம்புங்க" என்று கேலி செய்வார். இவர் காரில் ஏறி உட்கார்ந்ததும், கேட்க ஆள் இல்லாவிட்டாலும், "வந்துட்டேன்" என்பார்.

ஆஸ்பத்திரிக்குக் கடைசியாகப் போகிற அன்று அவள் போனை வெகுநேரம் நோண்டிக்கொண்டிருந்தாள். "மருந்து மயக்கத்துல மறந்துட்டேன்னா? அதான் தானா ஓடுற மாதிரி வெச்சுட்டேன். ஞாயித்துக்கிழமை மட்டும் ஓடாது. ஞாயித்துக்கிழமை நீங்க வீட்ல இருக்கணும்" என்றாள்.

அவள் திரும்பி வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து அவர் கடையைத் திறந்த அன்று, மாலையில் முற்றத்திலிருந்து 'உஸ்' என்று சத்தம் வந்தது. கையிலிருந்த கண்ணாடியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். கதவைத் திறந்தார். ஜில்லென்ற காற்று முகத்தில் பட்டது. மயானத்தில்கூட அழாத மனிதர், அந்தக் காரில் உட்கார்ந்து குழந்தைமாதிரி அழுதார். சாவிக்காரர் பார்த்தும் பாராததுபோல் தன் கடைக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் கேலி செய்வதில்லை.

மாதங்கள் போயின. வீட்டில் அவள் புடவைகள் அடுக்கியபடி இருந்தன, செருப்பு வாசலில் இருந்தது. அவையெல்லாம் வைத்த இடத்தில் கிடந்தன. இது ஒன்றுதான் தினமும் அவருக்காக நடந்துகொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் காரின் திரையில் ஒரு நாள் எழுத்து வந்தது: 'முதன்மை உரிமையாளர் தொடர்பில் இல்லை. இணைப்பைப் புதுப்பிக்காவிட்டால் மாத முடிவில் பழைய அமைப்புகள் யாவும் நீக்கப்படும்.'

அவர் உடனே மனைவியின் போனை எடுத்து, கடையின் வைஃபையில் போட்டு, அந்த ஆப்பைத் திறந்தார். கொஞ்ச நேரம் ஒரு வட்டம் சுற்றியது. 'வண்டியைத் தொடர்புகொள்ள முடியவில்லை. மீண்டும் முயலவும்' என்றது. மீண்டும் முயன்றார். அதையே மறுபடியும் சொன்னது.

வெளியூரில் இருக்கும் மகளைக் கூப்பிட்டார்.

"அப்பா, அந்த ஆப் அம்மா நம்பர்லதான் ஓடுது. அந்த நம்பரை நான்தான் போன வாரம் நிறுத்தச் சொன்னேன். யார்யாரோ கூப்பிட்டு டீச்சர் இருக்காங்களான்னு கேட்டாங்க, எல்லா அழைப்பும் எனக்குத் திருப்பி வந்துச்சு. ஒவ்வொருத்தருக்கும் புதுசா சொல்ல வேண்டியிருந்துச்சு. என்னால முடியலப்பா."

"சரிம்மா, விடு. நான் பாத்துக்கறேன்" என்றார். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

கம்பெனியின் உதவி எண்ணில் தேனொழுகும் குரலில் ஒரு பெண் பேசினாள்.

"வணக்கம்! உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மூச்சு. முதன்மை உரிமையாளர்கிட்ட பேசலாமா?"

"அவ இல்லம்மா. நான் அவ வீட்டுக்காரர் பேசறேன்."

"எப்ப சார் வருவாங்க?"

"வரமாட்டாம்மா. தவறிட்டா."

தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. "தகவலுக்கு மிக்க நன்றி சார். அவங்க வந்ததும் ஆப்பைத் திறந்து 'நான்தான்'ங்கிற பொத்தானை ஒரே ஒரு தடவை அழுத்தச் சொல்லுங்க. ரொம்ப சுலபம்."

"அம்மா, இறந்துட்டான்னு சொல்றேன்."

"புரியுது சார். ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். போனை ஒரு தடவை அணைச்சுப் போட்டுப் பாத்தீங்களா?"

பார்த்தார். ப்ளூடூத்தைப் போட்டு எடுத்தார். காரில் ஏறி உட்கார்ந்தார், இறங்கினார், மறுபடி ஏறினார். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு நெஞ்சில் கைவைக்கச் சொல்லியிருந்தால் அதையும் செய்திருப்பார். கடைசியில் அந்தப் பெண், "இப்ப ஆப்பை மொத்தமா அழிச்சுடுங்க சார்" என்றாள்.

"அழிக்கமாட்டேன்மா."

"பயப்படாதீங்க சார், அழிச்சாலும் திரும்ப வந்துடும்."

"மயக்க ஊசி போட்டா ரெண்டு மணி நேரத்துல எழுந்துடுவாங்கன்னு டாக்டரும்தான் சொன்னாரு."

தேன்குரலிடம் அதற்குப் பதில் எழுதிக் கொடுத்திருக்கவில்லை போலிருக்கிறது. "வண்டியை மையத்துக்குக் கொண்டுவாங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மையம் என்றால் சாதாரண மையமா? வாசலிலிருந்து கழிப்பறை வரைக்கும் கண்ணாடிச் சுவர். நடுக்கூடத்தில் பளபளவென்று ஒரு வெண்கல மணி. ஒவ்வொரு மகிழ்ச்சி வாய்ப்பும் முடிந்ததும் யாராவது ஒருவர் அந்த மணியை அடிப்பார். உடனே கம்பெனி ஆட்கள் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து கைதட்டுவார்கள். இவர் உட்கார்ந்திருந்த கொஞ்ச நேரத்தில் பலமுறை தட்டினார்கள். தட்டுகிற நேரம் போக மிச்ச நேரத்தில்தான் வேலை நடந்தது.

'இணைப்பு நிபுணர்' என்று சட்டையில் அட்டை குத்திய ஒருவர் வந்தார். கையுறை போட்டுக்கொண்டு காரை நாடி பிடிப்பதுபோலத் தொட்டுப் பார்த்தார்.

"வண்டி சரியா தூங்கல சார். அதான் பிரச்சினை. ஆழ்ந்து தூங்கி எழுந்தாத்தான் இணைப்பு புதுசாகும்."

"தூங்க வைங்க, வேண்டாங்கல. ஆனா அந்த ஏசி ஓடுறது மட்டும் போயிடக்கூடாது தம்பி. எனக்கு ஆப்பெல்லாம் வேண்டாம். அது ஒண்ணு இருந்தா போதும்."

"ஷ்ஷ். மெதுவா பேசுங்க."

காரைச் சுற்றி ஒரு கயிறு கட்டினார்கள். 'வண்டி உறங்குகிறது' என்று பலகை வைத்தார்கள். அந்தப் பக்கம் போனவர்களெல்லாம் பிள்ளை பெற்ற வீட்டில் நடப்பதுபோல் நுனிக்காலால் நடந்தார்கள். டீ கொண்டுவந்தவர் டம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். தான் பெற்ற பிள்ளையைத் தூங்கவைக்க இத்தனை பாடு யாராவது பட்டிருப்பார்களா என்று தெரியவில்லை.

"சாவி பக்கத்துல இருந்தா வண்டி முழிச்சுக்கும். நீங்க ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க. போனையும் அணைச்சுடுங்க, அதுவும் எழுப்பும். முடிஞ்சதும் கூப்பிடறோம்" என்றார் நிபுணர்.

கண்ணாடிக்கடைக்காரர் சொன்ன சொல் தட்டாதவர். இரண்டு போன்களையும் அணைத்தார். ரோட்டைக் கடந்துபோய் ஒரு பஸ் நிறுத்தத்தில் நின்றார். வெயில் நகர நகர அவரும் நகர்ந்து நின்றார். நடுவில் எதிர்க் கட்டடத்திலிருந்து மணிச்சத்தமும் கைதட்டலும் கேட்டன. யாருக்கோ நல்லது நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பாவம், வெள்ளை மனசு.

கூப்பிடுவார்கள் கூப்பிடுவார்கள் என்று பார்த்துக் கால் கடுத்துப்போய் அவராகவே திரும்பி வந்தபோது, காரைத் தள்ளிக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே விட்டிருந்தார்கள். நிபுணர் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"உங்க வாய்ப்பு முடிஞ்சிடுச்சு சார். ரெண்டு தடவை கூப்பிட்டோம், உங்க போன் அணைச்சிருந்துச்சு."

"நீங்கதானே தம்பி அணைக்கச் சொன்னீங்க?"

"ஆமா சார். அதைச் சரியா செஞ்சிருக்கீங்க, நன்றி. ஆனா கூப்பிட்டு எடுக்கலன்னா வாடிக்கையாளர் திருப்தியா போயிட்டாருன்னு எங்க விதி. மணியும் அடிச்சாச்சு."

"இணைப்பு?"

"அது வரல சார். வண்டி தூங்கவேயில்ல."

நிபுணர் சொல்லி வாய் மூடவில்லை, காரிலிருந்து 'உஸ்' என்று காற்று சுழலத் தொடங்கியது. கண்ணாடிக்கடைக்காரர் ஆகாயத்தைப் பார்த்தார். ஆமாம், கடையடைக்கும் நேரம்தான்.

நிபுணர் துள்ளிக் குதித்தார். "யாரு? யாரு எழுப்பினது? சாவி உங்க கையில, ரெண்டு போனும் அணைச்சிருக்கு. யாரு சார் இயக்கறாங்க?"

"என் வீட்டுக்காரி" என்றார் இவர். சொல்லும்போது அவருக்கே தெரியாமல் குரலில் ஒரு சின்னப் பெருமை வந்து ஒட்டிக்கொண்டது.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. 'இறந்த நபர் ஒருவர் அனுமதியின்றி வண்டியை இயக்குகிறார்' என்று விஷயம் ஒரே நாளில் மேலிடம் வரைக்கும் போனது. பாதுகாப்புக் குறைபாடாம். கண்ணாடிக்கடைக்காரரை மண்டலத் தலைவரே நேரில் வரச்சொன்னார். நல்லது, பெரிய மனிதர், சொன்னால் புரிந்துகொள்வார் என்று இவர் நம்பிப் போனார்.

தலைவர் அறையில் நீளமான மேசை. சுற்றிலும் அதிகாரிகள், தலையாட்டுவதற்கு. இவர் கொண்டுபோன இறப்புச் சான்றிதழைத் தலைவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார்.

"இது எங்களுக்குத் தேவைப்படாது சார். ஏன்னு சொல்றேன். எங்க கணினியில 'இறந்தவர்'னு ஒரு பிரிவே கிடையாது. வேணும்னே நாங்க வைக்கல. எங்களைப் பொறுத்தவரைக்கும் வாடிக்கையாளர் சாகறதே இல்ல. கொஞ்ச நாள் ஆப்பைத் திறக்காம இருக்காங்க, அவ்வளவுதான். இதைவிட ஒரு மனுஷருக்கு என்ன மரியாதை செய்ய முடியும், சொல்லுங்க?"

அதிகாரிகள் தலையாட்டினார்கள்.

இவர் எல்லாவற்றையும் சொன்னார். மேற்கு வெயிலைச் சொன்னார், படுக்கையைச் சொன்னார், ஒரு டம்ளர் தண்ணீரைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையையும் சொன்னார். "சார், நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அவ வெச்சது அப்படியே இருக்கணும். எதையும் புதுசாக்க வேண்டாம். தொடாம விட்டாலே போதும்."

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையாகவே துடைத்துக்கொண்டார், அதில் நடிப்பில்லை. அதிகாரிகளும் துடைத்துக்கொண்டார்கள், அதைப்பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

"கேட்டீங்களா? நம்ம வண்டி பேட்டரியில ஓடல, அன்புல ஓடுது!" என்று தலைவர் மேசையைத் தட்டினார். "எழுதிக்கோங்கய்யா, விளம்பரத்துக்கு ஆகும். சார், நீங்க கவலையை விடுங்க. இது என் சொந்தப் பொறுப்பு. உங்க வீட்டம்மாவோட எதுக்கும் ஒரு குந்தகம் வராது. இது என் வார்த்தை."

இவர் எழுந்து கும்பிட்டார். என்ன செய்வது, கும்பிட்டே பழகிய கை.

அன்றைக்கே வேலை நடந்தது. நிபுணர் சிலேட்டுப்பலகை மாதிரி ஒரு திரையை நீட்டினார். அதில் 'நான்தான்' என்று ஒரு பொத்தான். "அழுத்துங்க சார். இனிமே நீங்கதான் முதன்மை உரிமையாளர். தலைவர் உத்தரவு."

"அவ வெச்சது...?"

"அதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தலைவரே சொல்லிட்டாரே சார்."

அழுத்தினார். அவர் போனில் ஆப் பூப்போலத் திறந்தது. கார் எங்கே நிற்கிறது, கதவு பூட்டியிருக்கிறதா, எல்லாம் தெரிந்தது. தலைவர் அவர் தோளில் கைபோட்டு நடுக்கூடத்துக்கு அழைத்துப்போய், "இந்த மணியை நீங்களே அடிக்கணும், எங்களுக்கு ஆசை" என்றார். அவர் கையாலேயே அடித்தார். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். சிலர் போட்டோ எடுத்தார்கள். அந்தக் களேபரத்தில் அவருக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. வெகுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

மறுநாள் மாலை. வில்லை துடைத்துக்கொண்டே முற்றத்தின் பக்கம் காதைத் தீட்டி வைத்திருந்தார். வெயில் சாய்ந்தது. கடையடைக்கும் நேரம் வந்தது, தாண்டியும் போனது. சாவிக்காரர் வந்து எட்டிப்பார்த்தார்.

"என்னண்ணே, இன்னிக்குச் சத்தத்தைக் காணோம்?"

இவர் எழுந்து முற்றத்துக்குப் போனார். கதவைத் திறந்தார். அனல் முகத்தில் அடித்தது.

நிபுணரைக் கூப்பிட்டார். நிபுணர் உற்சாகமாகப் பேசினார்.

"ஆமா சார், பழைய அமைப்பெல்லாம் போயிடும். உரிமையாளர் மாறிட்டாங்கல்ல? முந்தின உரிமையாளரோட அந்தரங்கம் எங்களுக்கு உயிர் மாதிரி. அவங்க எந்த நேரத்துல எதைப் போட்டாங்க, எதை அணைச்சாங்கன்னு வேத்து ஆளுக்குத் தெரியக்கூடாது பாருங்க. அவங்களோட எதுக்கும் குந்தகம் வரக்கூடாதுன்னு தலைவர் உத்தரவு. அதான் ஒண்ணுவிடாம அழிச்சிட்டோம்."

"வேத்து ஆளா? நானா?"

"சிஸ்டத்துல அப்படித்தான் சார். இதுல என்ன, அதே நேரத்தை நீங்களே வெச்சுக்கலாமே? ரெண்டு தட்டு தட்டினா போதும். ரொம்ப சுலபம்."

சுலபம்தான். யார் இல்லையென்றது? தன்னைத் தானே 'சாப்பிட்டியா' என்று கேட்டுக்கொள்வதும் சுலபம்தான். கேட்டுக்கொண்டால் வயிறு நிறையுமா?

காரில் ஏறி உட்கார்ந்தார். இருக்கை சுட்டது. ஸ்டியரிங்கில் கைவைக்க முடியவில்லை. "வந்துட்டேன்" என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். அவருடைய போன் அதிர்ந்தது: 'உள்ளே வெப்பம் அதிகமாக உள்ளது. குளிர்விக்கவா?' அதைக் கவிழ்த்து வைத்தார். வேர்வை கழுத்து வழியாக இறங்கியது. அப்படியே இருந்தார்.

அப்போது சட்டைப்பையில் இருந்த இன்னொரு போன் அதிர்ந்தது. மனைவியின் போன். கடையின் வைஃபை முற்றம் வரைக்கும் எட்டும். எடுத்துப் பார்த்தார். கம்பெனியிலிருந்து அவளுக்குத்தான் செய்தி வந்திருந்தது. பிரிந்துபோகிற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் தானாகவே போகிற செய்தி.

'அன்புள்ள வாடிக்கையாளரே, நீங்கள் எங்களைப் பிரிந்துவிட்டீர்கள் என்று அறிகிறோம். நீங்கள் இல்லாமல் உங்கள் வண்டி வாடுகிறது. தயவுசெய்து வந்துவிடுங்கள்.'

அவள் போனபிறகு அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாததை ஒரு கம்பெனிக்காரன் எழுதி அனுப்பியிருந்தான். அதற்குக் கீழே ஒரே ஒரு பொத்தான் இருந்தது. 'திரும்பி வருகிறேன்' என்று அதில் எழுதியிருந்தது.

அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இது வெறும் பொத்தான் என்று அவருக்குத் தெரியாதா என்ன? எல்லாம் தெரியும். தெரிந்தும் அழுத்தினார்.

கொஞ்ச நேரம் ஒரு வட்டம் சுற்றியது.

'வண்டியைத் தொடர்புகொள்ள முடியவில்லை. மீண்டும் முயலவும்.'

மீண்டும் முயன்றார்.